தாமுவுக்கு உடைத்த தேங்காய்

சனிக்கிழமைக்குள் இன்னும் நான்கு பேராவது அந்தப் புத்தகத்தை வாசிகசாலையிலிருந்து எடுத்துப் போக வேண்டும். இல்லையென்றால் அது வண்டியேறிப் போய்விடும், திரும்பி வராது. ஞாயிற்றுக்கிழமை மாலை, அதன் பின்னட்டையில் ஒட்டியிருந்த தாளைப் புரட்டிப் பார்த்தபோதுதான் நிரஞ்சலாவுக்கு இது உறைத்தது. தாளில் பதினொரு தடவை பெயர் எழுதப்பட்டிருந்தது. பதினொன்றும் அவள் பெயர்.

இலங்கை மலைநாட்டில் ஹல்துமுல்லைக்கு மேலே இருக்கிற வெள்ளைப்பாறைத் தோட்டத்தில், மாரியம்மன் கோயிலை ஒட்டிய தகரக் கொட்டகைதான் வாசிகசாலை. பகலெல்லாம் தேயிலைக் கொழுந்து பறிக்கும் நிரஞ்சலா, சாயந்தரம் ஐந்து மணிக்கு முகம் கழுவிக்கொண்டு வந்து ஒரு மணி நேரம் அதைத் திறந்து வைப்பாள். இதற்குச் சம்பளம் கிடையாது. பதுளையில் சில நல்ல மனிதர்கள் சேர்ந்து நடத்தும் வாசகர் வட்டம், தோட்டங்களுக்கு ஒரு பெட்டி புத்தகம் அனுப்பும். வருடத்துக்கு ஒரு முறை அதன் பொறுப்பாளர் நஸ்லியா மிஸ் வந்து பெட்டியைச் சரிபார்ப்பார். ஐந்து பேராவது எடுத்துப் படித்த புத்தகம் இங்கேயே இருக்கலாம். மற்றவை வேறு தோட்டத்துக்குப் போகும். அது நியாயமான விதிதான். வெலிமடைப் பக்கத்திலோ மொனராகலைப் பக்கத்திலோ அந்தப் புத்தகத்துக்காக யாராவது காத்திருக்கலாம். நிரஞ்சலாவுக்கு அது புரிந்தது. புரிந்தும் மனம் கேட்கவில்லை.

‘இரு கரைப் போர்’ என்பது அந்தப் புத்தகத்தின் பெயர். எந்தக் காலத்திலோ, மேற்கே ஒரு பெரிய ஆற்றின் இரண்டு கரைகளிலும் இருந்த இரண்டு நகரங்கள் ஒன்பது வருடம் சண்டை போட்டன. கூடவே இருந்து பார்த்து அதை எழுதியவர் ராஜாவும் இல்லை, தளபதியும் இல்லை. ஒரு படையின் தானியக் கிடங்கைக் காத்தவர். அதனால் வாள், வேல், யானை எல்லாம் வந்து போனாலும், அவர் கண் எப்போதும் யார் சாப்பிட்டார்கள், யார் சாப்பிடவில்லை என்பதிலேயே இருந்தது. மழையில் நனைந்த மூட்டையைத் தன் போர்வையால் மூடியவன் யார், உப்பை அள்ளிப் போட்டுக் கஞ்சியைக் கெடுத்த சமையல்காரன் யார் என்றெல்லாம் எழுதியிருந்தார். எந்தக் கரையையும் அவர் ஏசவில்லை. எதிரிப் படையில் ஒருவன் நல்லது செய்தால் அதையும் பெயரோடு எழுதினார். பெயர் தெரியாவிட்டால், ‘எனக்குப் பெயர் தெரியவில்லை, கடவுளுக்குத் தெரியும்’ என்று எழுதினார். அந்த ஒரு வரிக்காகவே அந்த மனிதரை நிரஞ்சலாவுக்குப் பிடித்துப்போனது.

இவ்வளவு நல்ல புத்தகத்தைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். அதிகமாகச் சொல்லிவிட்டாள். அதுதான் சிக்கலாகிவிட்டது.

எட்டு மாதத்துக்கு முன்னால், ஏழாம் நம்பர் மலையில் பக்கத்துச் செடி நிரையில் பறித்துக்கொண்டிருந்த லீலாவிடம், நல்ல புத்தகம் ஒன்று வந்திருக்கிறது, எடுத்துப் படிக்கச் சொல்லி ஆரம்பித்தாள். அப்படி அதில் என்ன இருக்கிறது என்று லீலா கேட்டாள். நிரஞ்சலா பதில் சொல்லத் தொடங்கினாள். அந்தப் பதில் முடிய இரண்டு மாதமாயிற்று.

கொழுந்து பறிக்கும் கைக்குக் கண் வேண்டியதில்லை. காதும் வாயும் சும்மாதான் இருக்கும். முதல் நாள் லீலா மட்டும் கேட்டாள். ஒரு கிழமை, ஏழு நாள் போவதற்குள் நிரைகள் தாமாகவே நெருங்கி வந்தன. வேலையை மேற்பார்க்கும் கங்காணி அழகர், பெண்கள் கதை பேசினால் பறிப்பது குறையும் என்று முதலில் முணுமுணுத்தார். பிறகு பார்த்தால், போர் நடக்கும் நாளில் எல்லோருடைய கையும் படை வேகத்தில் ஓடியது. மதிய நிறுவையில் ஏழாம் நம்பர் மலைக் கொழுந்துதான் கூடுதல். அவரும் குடையை ஊன்றிக்கொண்டு, எங்கேயோ பார்ப்பதுபோல் நின்று கேட்கத் தொடங்கினார். தளபதி தினமும் விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி எண்ணுவான் என்று வந்தபோது மட்டும் அவரால் பொறுக்க முடியவில்லை. நம்ம காலைப் பெரட்டு மாதிரியேதான் என்று சொல்லி மாட்டிக்கொண்டார்.

எல்லோருக்கும் பிடித்தவன் தாமோன் என்கிற கோவேறு கழுதைக்காரன். இருபது வயது. கிடங்கிலிருந்து படைக்கு மூட்டை கொண்டுபோகும் வேலை. கழுதைகளோடு பேசுவான், யாராவது வைதால் சிரிப்பான். மலையில் அவன் பெயர் தாமுவாகிவிட்டது. இரண்டு நாள் நடை தூரத்தில் ஒரு கிராமத்தில் அவனுக்குத் தாய் மட்டும் இருந்தாள். ஒரு மழைக்காலத்தில், உப்பு கொண்டுவர மூன்று கழுதைகளோடு கணவாயைத் தாண்டிப் போன தாமு திரும்பி வரவில்லை. அவனுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமலே கிடங்குக்காரர் நாற்பது பக்கம் எழுதுகிறார்.

அந்த நாற்பது பக்கத்தை நிரஞ்சலா சொல்லிக்கொண்டிருந்த நாட்களில்தான் கருப்பம்மாவின் மகன் ரஜீவிடமிருந்து செய்தி இல்லாமல் இருந்தது. குவைத்துக்கு வேலைக்குப் போனவன் நான்கு மாதமாகப் பேசவில்லை. கருப்பம்மா அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் தாமு வந்துவிட்டானா என்று ஒவ்வொரு நாளும் காலையில் கேட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய், தாமு நல்லபடியாகத் திரும்பி வந்தால் ஒரு தேங்காய் உடைப்பதாக மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு வந்தாள். அதை மலையில் எல்லோருக்கும் சொல்லவும் செய்தாள். யாரும் சிரிக்கவில்லை. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய ஒருவனுக்காக இப்போது நேர்ந்துகொள்ளலாமா என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. தாங்களும் ஆளுக்கொரு கற்பூரம் ஏற்றுவதாகச் சொன்னார்கள்.

அன்று இரவு நிரஞ்சலா அடுத்த பக்கங்களைத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவற்றில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு முன்பே தெரியும். மறுநாள் மலையில், கணவாய்க்கு அப்பாலிருந்து கழுதை மணிச் சத்தம் கேட்டது என்று சொன்னாள். தாமு வந்துவிட்டான். கருப்பம்மா கையிலிருந்த கொழுந்தை அப்படியே கூடையில் போட்டுவிட்டுக் கும்பிட்டாள். வெள்ளிக்கிழமை தேங்காய் உடைந்தது. அடுத்த வெள்ளிக்குள் ரஜீவ் போனில் கூப்பிட்டான். வேலை செய்த இடத்தில் தகராறாகி, போனையும் இழந்து, வேறு ஊருக்கு மாறியிருந்தானாம். இப்போது ஒவ்வொரு வெள்ளியும் போனில் முகம் காட்டிப் பேசுகிறான். போரும் சமாதானமாக முடிந்தது. எல்லோருக்கும் நிறைவாக இருந்தது. நிரஞ்சலா மட்டும் அந்தக் கடைசிப் பக்கங்களை அதன் பிறகு யாருக்கும் காட்டவில்லை.

திங்கட்கிழமை காலையில் அவள் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தாள். எல்லோரும் அன்பாகத்தான் மறுத்தார்கள். அதான் முழுக்கச் சொல்லிவிட்டாயே, இனி என்ன படிக்க இருக்கிறது என்றார்கள். பாக்டரியில் வேலை செய்யும் ரமேஸிடம் கேட்டால், தன் மனைவி மலையில் கேட்டதையெல்லாம் தினமும் இரவில் தனக்குச் சொல்லிவிட்டாள், தளபதியின் குதிரைகளின் பெயர்கூடத் தெரியும் என்றான். அழகர் கங்காணி, தான் கேட்கவே இல்லை என்று சாதித்துவிட்டு, மூன்றாம் முற்றுகையில் சுவரை உடைத்த விதம் நன்றாக இருந்தது என்றார்.

பகல் தேத்தண்ணிக்கு எல்லோரும் வாகை மரத்தடியில் உட்கார்ந்து ரொட்டியைப் பிரித்தபோது, நிரஞ்சலா சனிக்கிழமை விஷயத்தைச் சொன்னாள். லீலாவுக்கு அது ஒரு பிரச்சினையாகவே படவில்லை.

“இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கியா? தாளக் கொண்டா, நாங்க ஆளுக்கொரு பேரு எழுதித் தர்றோம். மிஸ்ஸு வந்து எங்களப் பரீட்சை வெச்சாக்கூட நான் பாஸ் பண்ணுவேன்.”

“படிக்காத புத்தகத்துக்குப் பேரு எழுதுறது பொய்யில்லையாக்கா?” என்றாள் நிரஞ்சலா.

சொன்ன வாயை அவளால் மூட முடியவில்லை. அந்த வார்த்தை திரும்பி வந்து அவளையே குத்தியது. எதிரில் கருப்பம்மா, மருமகள் ஜீவராணியோடு ரொட்டியில் சம்பலைத் தடவிக்கொண்டிருந்தாள். ரஜீவ் அனுப்பிய நீலக் கம்பளிச் சட்டையைப் போட்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல் நிரஞ்சலா சொன்னாள்:

“நான் உங்ககிட்ட ஒண்ணு மாத்திச் சொல்லிட்டேன். தாமு திரும்பி வரல. புத்தகத்துல அவன் வர்றதே இல்ல. காட்டாத்து வெள்ளத்துல செத்துப் போயிட்டான்.”

ஒருத்தியின் போத்தலிலிருந்து தேத்தண்ணி கோப்பைக்கு வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அப்படியென்றால் மணிச் சத்தம் கேட்டது என்றாளே, அது என்ன? தளபதி அவனுக்குப் புதுச் செருப்பு கொடுத்தது? போர் முடிந்து அவன் தாயோடு சந்தைக்குப் போனது? எல்லாம் தானே சேர்த்தது என்று நிரஞ்சலா தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டாள்.

“நல்லாருக்கே நியாயம்,” என்றாள் லீலா. “செத்தவன எழுப்பி நடக்க வைப்பே. ஆனா ஒரு தாள்ல எம்பேர எழுதினா மட்டும் ஒனக்குப் பாவம் வந்துருமா?”

அதற்கு எல்லோரும் சிரித்துவிட்டார்கள், நிரஞ்சலாவும்கூட. கருப்பம்மா மட்டும் சிரிக்கவில்லை. கையைக் கழுவினாள், படங்குச் சாக்கை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள், தன் நிரைக்குப் போய்விட்டாள்.

ஆனால் அன்று ஐந்து மணிக்கு நிரஞ்சலா வாசிகசாலைக் கதவைத் திறந்தபோது லீலா வாசலில் நின்றாள். அவன் எப்படிச் செத்தான் என்று முழுக்கத் தெரியாமல் தனக்குச் சோறு இறங்காது என்றாள். பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போனாள். கடைசி அறுபது பக்கத்தை மட்டும் படித்துவிட்டு மறுநாள் கொண்டுவந்து கொடுத்தபோது, அவள் கண் சிவந்திருந்தது. என்ன இருக்கிறது என்று மற்றவர்கள் கேட்டதற்கு, தன் வாயால் சொல்ல மாட்டேன், போய்ப் படியுங்கள் என்றாள். லீலா ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருந்ததை அந்தத் தோட்டம் அதுவரை கண்டதில்லை. அது ஊரையே கிளப்பிவிட்டது.

செவ்வாய்க்கிழமை அழகர் கங்காணி எடுத்தார். அவர் முறையாக முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். முடிக்க முடியவில்லை, தொண்ணூறாம் பக்கத்தில் ஹப்புத்தளை பஸ் டிக்கெட்டை வைத்து, தனக்கு இன்னொரு முறை தர வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார். புதன்கிழமை ரமேஸ் எடுத்தான். அவன் மனைவி இரவில் சொன்னதும் புத்தகத்தில் இருந்ததும் வேறு வேறாக இருந்ததால், யார் யாருக்கு எதைச் சேர்த்துச் சொன்னார்கள் என்று வீட்டில் ஒரு நல்ல விசாரணை நடந்தது.

தாளில் இப்போது நான்கு பேர். இன்னும் ஒருவர் போதும். வியாழக்கிழமை ஏழெட்டுப் பேர் வாசிகசாலைக்கு வந்தார்கள். ஆனால் ஒருவரும் புத்தகத்தைத் தொடவில்லை. அவர்களுக்குள் ஏதோ பேசி வைத்திருந்தார்கள். லீலாதான் அதை எடுத்துச் சொன்னாள்: தாமுவுக்காகத் தேங்காய் உடைத்தது கருப்பம்மா. அவள் பார்ப்பதற்கு முன்னால் ஊரே பார்ப்பது முறையில்லை. அடுத்த முறை அவளுடையதுதான். அவள் எடுத்த பிறகு மற்றவர்கள் வரிசையில் வருவார்கள்.

நிரஞ்சலாவுக்கு அது சரி என்று பட்டது. ஆனால் கருப்பம்மா வியாழக்கிழமை வரவில்லை. மலையில் நிரஞ்சலா இரண்டு தடவை பேசப் போய், அவள் முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். புத்தகம் போனால் போகட்டும் என்று ஒரு கணம் நினைத்தாள். ஒரு மனுஷியின் மனசைவிட அது பெரிதா என்றும் நினைத்தாள். ஆனால் அந்த இரண்டும் இப்போது ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தன.

வெள்ளிக்கிழமை கோயில் பூசை முடிந்து, ஆட்கள் திருநீறு பூசிக்கொண்டு கலைந்து போனார்கள். நிரஞ்சலா வாசிகசாலையைப் பூட்டலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, கருப்பம்மா வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள். பின்னாலேயே ஜீவராணியும் வந்து நின்றாள்.

“நாலு நாளா ஒம்மேல கோவமா இருக்கேன்னு நெனச்சியா?” என்றாள் கருப்பம்மா.

“ஆமாக்கா.”

“மொத நாளு கோவந்தான். நேந்துக்கிட்ட தேங்கா வீணாப் போச்சேன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா, அன்னைக்கு அந்தத் தேங்காயத் தின்னது நம்ம வேலைக்கு வர்றப்ப பிள்ளை மடுவத்துல விட்டுட்டு வர்ற பிள்ளைங்க. அதுங்க வயித்துக்குள்ள போனது எப்படி வீணாகும்? கோவம் அதோட போச்சு.” கொஞ்சம் நிறுத்தினாள். “அதுக்குப் பொறகு வெக்கமா இருந்துச்சு.”

உங்களுக்கு எதற்கு வெட்கம் என்று நிரஞ்சலா கேட்டாள்.

கருப்பம்மா கோயில் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “எம்மகன் பேரச் சொல்லிக் கேக்க எனக்குப் பயம். ‘ரஜீவ் உசுரோட வரணும்’னு வாயால சொன்னா, அவனுக்கு ஏதோ ஆயிருச்சுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. அதனால தாமு பேரச் சொல்லிக் கேட்டேன். நீ கதைய மாத்தினே, நான் பேர மாத்தினேன். ஆத்தாவுக்கு ரெண்டு பேரையும் தெரியும்.”

ஜீவராணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவள் கண் நிறைந்து வழிந்தது. அவளுக்குக்கூட இது இன்றுதான் தெரியும். நிரஞ்சலா கருப்பம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கொழுந்துக் கறை ஏறிய கை, அவளுடையதைப் போலவே.

“சரி, இத மட்டும் சொல்லு,” என்றாள் கருப்பம்மா. “அவன் போயிட்டான். அந்தம்மா ரெண்டு நாள் தூரத்துல உக்காந்திருக்கா. அவளுக்கு யாரு போயி சொன்னது?”

நிரஞ்சலா வாயைத் திறந்தாள். பதில் நாக்கின் நுனியில் இருந்தது. அந்தப் புத்தகத்திலேயே அவள் மிகவும் நேசித்த இடம் அது. தாமுவைத் திருப்பிக் கொண்டுவந்ததால், அந்த இடத்தை இத்தனை மாதமும் யாருக்கும் சொல்ல முடியாமல் போயிற்று. துக்கத்தை மறைக்கப் போய், அந்தத் துக்கத்தின் வீட்டுக்கு நடந்து வந்த நல்ல மனிதனையும் சேர்த்து மறைத்துவிட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. சொல்லிவிட்டால் கருப்பம்மாவின் முகம் எப்படி மலரும் என்று பார்க்க ஆசையாக இருந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டாள். எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்து ஜீவராணியின் கையில் கொடுத்தாள்.

“முன்னூத்தி எம்பத்தாறாம் பக்கத்துல இருக்குக்கா. ஜீவராணி வாசிச்சுக் காட்டுவா. ஆனா அதுக்கு முந்தின முப்பது பக்கத்தையும் விடாமக் கேளுங்க.”

கருப்பம்மா தாளில் தன் பெயரைத் தானே எழுதினாள். நான்கு எழுத்துக்குப் பிறகு கோடு மேலே ஏறிப் போயிற்று. ஐந்தாவது பெயர் வந்துவிட்டது.

சனிக்கிழமை பத்து மணிக்கு நஸ்லியா மிஸ் வண்டியில் வந்தார். பதுளையிலிருந்து வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டு, சேலைக் கரையெல்லாம் சேறாகியிருந்தது. அரை நாள் லீவு போட்டிருந்த நிரஞ்சலா பெட்டியைத் திறந்து வைத்தாள். மிஸ் ஒவ்வொரு புத்தகமாக எடுத்துத் தாளைப் பார்த்து, பட்டியலில் குறித்துக்கொண்டு வந்தார். ‘இரு கரைப் போர்’ இல்லை.

அது கருப்பம்மா அக்காவிடம் இருக்கிறது, இப்போது கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு நிரஞ்சலா அவள் வீடு இருக்கும் லயத்துக்கு ஓடினாள். கதவு பூட்டியிருந்தது. மாமியார், மருமகள் இரண்டு பேரும் மலைக்குப் போயிருந்தார்கள். ஐந்து பேர் எடுத்ததற்கு அத்தாட்சி அந்தப் பின்னட்டைத் தாள்தான். தாள் புத்தகத்தில், புத்தகம் எங்கே என்று தெரியவில்லை. மிஸ்ஸிடம் வந்து நடந்ததைச் சொன்னாள். நஸ்லியா மிஸ் கடிகாரத்தைப் பார்த்தார். மத்தியானத்துக்குள் இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டும். புத்தகம் கண்ணில் படாவிட்டால் காணவில்லை என்றுதான் எழுத வேண்டியிருக்கும் என்று தயக்கத்தோடு சொன்னார். அப்புறம் நிரஞ்சலாவின் முகத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மலைக்கு எந்த வழி என்று கேட்டார்.

ஏழாம் நம்பர் மலையில் அப்போது தேத்தண்ணி நேரம். வாகை மரத்தடியில் இருபது பேர் நெருக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஜீவராணி, மடியில் பொலித்தீன் விரித்து அதன்மேல் புத்தகம். அழகர் கங்காணி அவள் தலைக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். இருவரும் ஏறி வருவதைப் பார்த்து எல்லோரும் எழுந்தார்கள். கருப்பம்மா மட்டும் எழவில்லை.

“மிஸ், கோவிச்சுக்காதீங்க,” என்றாள். “நேத்து கரண்ட் போயிருச்சு, முடிக்க ஏலாமப் போச்சு. கெடங்குக்காரரு நடந்து போய்க்கிட்டு இருக்காரு. இன்னும் அந்தம்மா வீட்டுக்குப் போய்ச் சேரல. பாதி வழியில அவர விட்டுட்டு நான் எப்படிப் புத்தகத்தத் தர்றது?”

நஸ்லியா மிஸ்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. யார் கிடங்குக்காரர், எந்த அம்மா என்று கேட்டார். மூன்று நான்கு பேர் பதில் சொல்ல வாயெடுத்தார்கள். லீலா அவர்களை அதட்டி அடக்கினாள். யாரோ ஒரு சாக்கை மடித்துப் போட்டார்கள். மிஸ் உட்கார்ந்தார். ஜீவராணி விட்ட இடத்திலிருந்து வாசித்தாள்.

கிடங்குக்காரர் இரண்டு நாள் நடந்து அந்தக் கிராமத்துக்கு வருகிறார். தாமுவின் தாய் வாசலில் மாவு பிசைந்துகொண்டிருக்கிறாள். மகனோடு வேலை செய்கிறவர் என்று தெரிந்ததும் உட்காரச் சொல்கிறாள். அவருக்குச் சொல்ல வாய் வரவில்லை. குடத்தை எடுத்துப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிறார். விறகு பிளந்து போடுகிறார். கூரையில் நழுவியிருந்த ஓட்டைச் சரி செய்கிறார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கேட்காமலே ஒரு அந்நியன் ஒரு தாயின் வீட்டில் மகன் செய்யும் வேலையெல்லாம் செய்தால், அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. அவள் ரொட்டியைச் சுட்டு அவர் முன்னால் வைக்கிறாள். ஜீவராணியின் குரல் இங்கே தாழ்ந்தது:

“‘முதலில் சாப்பிடு, நீ வெகு தூரம் நடந்திருக்கிறாய். சொல்ல வேண்டியதைப் பிறகு சொல் என்று அவள் சொன்னாள். ஒன்பது வருடப் போரில் நான் பல வீரர்களைப் பார்த்தேன். அவர்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். அன்று நான் சாப்பிட்ட ரொட்டிக்காக நான் இதை எழுதினேன்.’”

கருப்பம்மா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் பயந்து பார்த்தார்கள். கையை எடுத்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“ஓட்டையும் சரி பண்ணிக் குடுத்தாரு பாரு,” என்றாள். “நல்ல மனுசன். நல்லாருக்கட்டும்.”

“ஒம்போது வருசம் சண்ட போட்டு, கடைசில ஒரு ரொட்டிக்காகத்தான் இவ்வளவு தடியா எழுதியிருக்காரு,” என்றாள் லீலா, மூக்கைத் துடைத்துக்கொண்டே. “நான் சுடுற ரொட்டிக்கு எங்க வீட்டுல ஒரு வரி எழுதுவாங்களா?” ரமேஸின் மனைவி, அந்த ரொட்டியைச் சாப்பிட்டவன் உயிரோடு இருந்தால்தானே எழுதுவான் என்றாள். சிரிப்பு மரத்தடியில் வெடித்துக் கீழ் நிரைகள் வரை போயிற்று. தேத்தண்ணி நேரம் முடிந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. தானும் நின்று கேட்டதால் யாரையும் குறை சொல்ல முடியாத அழகர் கங்காணி குடையை மடக்கிக்கொண்டு, இன்று எல்லோரும் படை ஆற்றைக் கடந்த வேகத்தில் பறிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

நஸ்லியா மிஸ் புத்தகத்தை வாங்கிப் பின்னட்டைத் தாளைப் பார்த்தார். மேலே பதினொரு நிரஞ்சலா. கீழே லீலா, அழகர், ரமேஸ். கடைசியில் மலையேறிப் போன கோட்டில் கருப்பம்மா. பட்டியலில் குறித்துக்கொண்டு, புத்தகம் இங்கேயே இருக்கட்டும் என்றார். பிறகு, அவசரமில்லை, ஆனால் தானும் ஒரு தடவை எடுக்கலாமா என்று கேட்டார். பெண்கள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்கள். கங்காணியின் இரண்டாம் முறையையும் சேர்த்து, மிஸ்ஸுக்கு ஒன்பதாவது இடம் கிடைத்தது. மிஸ் அதற்குச் சம்மதித்தார்.

இறங்கி வரும்போது வழுக்கும் இடங்களில் நிரஞ்சலா மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். பாதி வழியில் நஸ்லியா மிஸ், ஒன்பது பேர் முடிக்கும் வரை பொறுக்க முடியாது போலிருக்கிறது, ஒன்றே ஒன்று மட்டும் சொன்னால் போதும் என்று கேட்டார்: அந்த இரண்டு நகரத்தில் கடைசியில் எது ஜெயித்தது?

நிரஞ்சலா நின்றாள். எட்டு மாதத்துக்கு முன்னால் என்றால், அந்தக் கேள்விக்கு அவள் பதுளை வரை கூடவே வந்து பதில் சொல்லியிருப்பாள்.

“ஒங்க மொற வரட்டும் மிஸ். கீழ போயி சூடா ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க,” என்றாள்.